சிக்கனத்தை நிறைகுடம் வாங்குகிறதாம்

சிக்கனம் அங்காடிகளைக் கோயமுத்தூரின் பெரிய மளிகைக் கடைக் கம்பெனியான நிறைகுடம் வாங்கப்போகிறது என்ற சேதி திருச்செங்கோட்டுக்குள் எந்த வழியாக நுழைந்தது என்று யாருக்கும் தெரியாது. ஈரோட்டு பஸ்ஸில் வந்தது என்பாரும் உண்டு, சேலத்து மளிகை லாரியில் வந்தது என்பாரும் உண்டு. ஊரெல்லாம் சுற்றிவிட்டுக் கடைசியாக அது போய்ச் சேர்ந்த ஆள் யார் என்பதில் மட்டும் சந்தேகமே கிடையாது. அந்த ஆள் குணசீலன். சிக்கனம் அங்காடியின் திருச்செங்கோட்டுக் கிளைக்கு அவன்தான் மேனேஜர்.

அவனுக்குச் சொன்னவர் முடிவெட்டுகிறவர். காதோரத்தில் கத்தியை வைத்துக்கொண்டு, "ஏனுங்க மேனேஜர், கடைய நிறைகுடத்துக்காரங்களுக்குக் குடுத்துட்டீங்களாமா?" என்று கேட்டார். இல்லை என்று தலையாட்ட வேண்டிய நேரம்தான். ஆனால் காதின் மேல் இருந்த பிரியத்தால் குணசீலன் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தான். மேனேஜரே மறுக்கவில்லை என்ற தகவல், அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வருவதற்குள் பஸ் நிலையத்தைத் தாண்டிவிட்டது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

குணசீலன் மல்லசமுத்திரம் பக்கத்து மானாவாரிக் காட்டுக்காரர் வீட்டுப் பையன். அப்பா சோளமும் கடலையும் போட்டு, மழை வந்தால் சிரித்து, வராவிட்டால் பேசாமலிருந்து, ஒருநாள் பேசாமலே போய்ச் சேர்ந்தார். அம்மா சென்னியம்மாள் பட்டியிலிருந்த ஆடுகளை விற்று மகனை இன்ஜினியரிங் படிக்கவைத்தாள். திருச்செங்கோட்டில் கல்லை விட்டெறிந்தால் ஒன்று போர் போடும் ரிக் லாரி மேல் விழும், இல்லாவிட்டால் இன்ஜினியர் மேல் விழும். குணசீலன் இரண்டையும் முயன்று பார்த்தான். படிப்பை முடித்துக்கொண்டு ரிக் லாரியோடு மத்தியப் பிரதேசத்துக்குப் போனவன், பாறைத் தூளை மூச்சில் இழுத்து, இருமிக்கொண்டே ஊருக்குத் திரும்பினான். அந்தச் சமயத்தில் சிக்கனம் அங்காடி திருச்செங்கோட்டில் புதிதாகத் திறந்திருந்தது. உள்ளே ஏசி இருந்தது, தூசி இல்லை. அது போதுமென்று பில் போடும் வேலைக்குச் சேர்ந்தான். அவனுக்கு மேலே இருந்தவர்கள் ஒவ்வொருவராக நல்ல வேலை கிடைத்துப் போய்விட, இவன் இருந்த இடத்திலேயே இருந்து மேனேஜரானான்.

கடை வேலையில் அவனுக்கென்று ஒரு கைப்பழக்கம் உண்டு. அலமாரியில் சரக்குக் குறையும்போது, மிச்சமிருக்கிற பாக்கெட்டுகளைப் பின்னாலிருந்து இழுத்து, விளிம்போடு விளிம்பாக ஒரே வரிசையில் நிறுத்துவான். எதிரில் நின்று பார்க்கிறவருக்கு அலமாரி நிறைந்திருக்கும். பின்னால் பலகைதான் இருக்கும். முகம் கட்டுவது என்று அந்தக் கடையில் இதற்குப் பெயர். எல்லாக் கடைகளிலும் அவ்வப்போது செய்வதுதான். சிக்கனத்தில் போன ஆடியிலிருந்து இதுவே முழுநேர வேலையாகிவிட்டது. சரக்குப் போடுகிறவர்கள் ஒருவர் பின் ஒருவராகக் கையை இழுத்துக்கொண்டார்கள். எடப்பாடிக் கிளையில் 'புதுப்பிக்கும் பணி நடைபெறுகிறது' என்று பலகை தொங்கவிட்டார்கள். பணி முடிந்து கதவைத் திறந்தபோது உள்ளே செல்போன் கடை இருந்தது. திருச்செங்கோட்டில் மட்டும் குணசீலன் விடாமல் முகம் கட்டிக்கொண்டிருந்தான். உப்புப் பாக்கெட்டுகளை அகலவாட்டில் திருப்பி நிறுத்தினான். பிஸ்கட் இருந்த இடத்தில் சோப்புத்தூள் வந்து நின்றது. சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும் என்பார்கள். அவன் அகப்பையை வைத்துக்கொண்டே ஒரு வருஷத்தை ஓட்டிவிட்டான்.

"சார், இந்தக் கடைல நெறைஞ்சு கெடக்கறது உங்க அடுக்கு மட்டுந்தானுங்க" என்றாள் மஞ்சுளா. பில் போடுகிறவள், அந்தக் கடையில் அவனைவிடப் பழைய ஆள். பாராட்டுகிறாளா என்று அவள் முகத்தைப் பார்த்தான். அவள் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

போனால் போகட்டும் இந்தக் கடை என்று அவன் எப்போதோ விட்டிருப்பான். விட முடியாமல் இருந்ததற்குக் காரணம் யுவஸ்ரீ.

அந்தப் பக்கமெல்லாம் மாப்பிள்ளைகள் மலிந்துகிடக்கிறார்கள், பெண்தான் கிடைப்பதில்லை. சென்னியம்மாள் மகனுக்குப் பெண் தேடத் தொடங்கி எத்தனையோ வருஷமாயிற்று. தரகர்கள் மாறினார்கள். பொருத்தம் பார்த்துக்கொடுத்த ஜோசியர் காலமாகி, அவர் மகன் தொழிலுக்கு வந்துவிட்டார். குணசீலனுக்கு நெற்றி ஏறியதுதான் மிச்சம். பையன் என்ன பண்றாப்ல என்று பெண் வீட்டில் கேட்பார்கள். மளிகைக் கடை என்று சொன்னதும் பேச்சு மழையைப் பற்றித் திரும்பிவிடும். அதனால் ஏரியா மேனேஜர் என்று சொல்லும்படி சென்னியம்மாள் அவனைப் பழக்கிவைத்திருந்தாள்.

யுவஸ்ரீ சங்ககிரிக்காரி. அப்பா வேலுமணிக்குச் சொந்தமாக லாரிகள். அவருடைய புக்கிங் ஆபீஸை அவள்தான் பார்த்துக்கொண்டாள். எங்கே லோடு கிடைக்கும், எந்த டிரைவர் வண்டி ரிப்பேர் என்று சொல்லிவிட்டு எந்த ஊரில் படுத்திருக்கிறான் என்பதெல்லாம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். பெண் பார்க்க வந்தவர்களையும் டிரைவர்களைப் போலவே விசாரித்ததால், முப்பதைத் தாண்டியும் அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. குணசீலனிடமும் கேட்டாள்.

"கடைல நீங்க என்ன வேலைங்க பண்ணுவீங்க?"

ஏரியா மேனேஜர் என்பது நாக்கு வரை வந்துவிட்டது. அவள் பார்த்த பார்வையில் அது வந்த வழியே திரும்பிப்போய், "பாக்கெட்டு அடுக்கறதுங்க" என்பது வெளியே வந்தது. பக்கத்திலிருந்த சென்னியம்மாள் இதுவும் போச்சு என்று காப்பித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டாள். யுவஸ்ரீ சிரித்தாள். மறுநாள் சம்மதம் என்று போன் வந்தது. அந்தச் சிரிப்பின் நினைவிலேயே அன்று குணசீலன் துவரம்பருப்பு இருக்க வேண்டிய இடத்தில் உளுந்தை அடுக்கிவைத்தான். தன் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக அவன் இருந்ததே இல்லை.

ஆவணி பிறந்ததும் உப்புச்சக்கரை என்று பேசியிருந்தார்கள். அங்கே கல்யாணப் பேச்சை உறுதி செய்வது அதுதான். மோதிரம், மண்டபமெல்லாம் பிறகு. இரண்டு வீட்டாரும் சொந்தபந்தத்துக்கு முன்னால் உட்கார்ந்து உப்பையும் சர்க்கரையையும் மாற்றிக்கொண்டால் அதோடு பேச்சு முடிந்தது. அதற்கப்புறம் யாரும் பின்வாங்க மாட்டார்கள். அதற்கு முன்பு யாரும் எதற்கும் பின்வாங்கலாம்.

வதந்தி சங்ககிரிக்குப் போகாமல் இருக்குமா? லாரிக்காரர்கள் ஊர். குஜராத்தில் மழை பெய்தால் அங்கே நனையும். வேலுமணியே போன் செய்தார்.

"தம்பி, ஒண்ணு கேள்விப்பட்டனுங்க. நிறைகுடம் உங்க கம்பெனிய வாங்கறாங்கன்னா ரொம்ப நல்லது. பெரிய கம்பெனி, உங்கள அப்பிடியே எடுத்துக்குவாங்க. வாங்காம மூடறாங்கன்னா அது வேற பேச்சு. எதுன்னு தெரிஞ்சுக்கிட்டு உப்புச்சக்கரைக்கு நாள் வெச்சுக்கலாங்களா?"

"ஆகட்டுங்க" என்றான் குணசீலன்.

மறுநாளே சேலத்துக்கு பஸ் ஏறினான். செவ்வாய்ப்பேட்டையில் ஆட்டோக்களும் மூட்டை வண்டிகளும் ஒன்றையொன்று திட்டிக்கொண்டு நிற்கும் சந்து ஒன்றில், பழைய பருப்பு மண்டியின் மாடியில்தான் சிக்கனத்தின் தலைமை அலுவலகம். முதலாளி மாதேஸ்வரன் பருப்பு வியாபாரத்தில் சம்பாதித்ததைக் கடைகளாகத் திறந்தவர். கடைகளில் விட்டதைப் பற்றி அவர் பேசுவதில்லை.

"நம்ம கம்பெனிய நிறைகுடம் வாங்குதுங்களா?"

"உனக்கு ஆரு சொன்னா?"

"முடி வெட்டறவருங்க."

மாதேஸ்வரனின் முகம் மலர்ந்தது. "அங்க வரைக்கும் வந்துருச்சா! ராசிபுரத்துல ஒரு கல்யாணத்துல மில்லுக்காரர் ஒருத்தர்கிட்ட ரகசியமுன்னு சொன்னேன். ஆருகிட்டயும் சொல்லாதீங்கன்னும் சொன்னேன். நல்ல மனுஷன், ஒருத்தர் பாக்கி இல்லாம சொல்லியிருக்கார்."

"அப்ப பேச்சே நடக்கலீங்களா?"

"நான் பேசினேன். அவங்க பேசல. கோயமுத்தூருக்கே போனேன். காப்பி குடுத்தாங்க. நல்ல காப்பி." மாதேஸ்வரன் அந்தக் காப்பியைச் சற்று நேரம் நினைத்துப் பார்த்தார். "குணா, பெரிய ஆளு வாங்கப்போறான்னு பேச்சு இருந்தாத்தான் சரக்கு வரும். போன வாரம் இங்க பருப்பு லாரி தானா வந்து நின்னுது, தெரியுமா? தீபாவளி வரைக்கும் ஓட்டிட்டம்னா அப்பறம் ஆண்டவன் பாத்துக்குவான்."

தனக்கு உப்புச்சக்கரை நிற்கிறது என்று குணசீலன் சொன்னான். மாதேஸ்வரன் கேட்டுக்கொண்டார். மனசில்லாத ஆள் இல்லை, மனசு முழுக்கச் சரக்கைப் பற்றியே இருந்தது, அவ்வளவுதான்.

"அதுக்கும் சேத்து ஒரு வழி இருக்குது. உன்ற கடைக்குப் பின்னால வண்டி நிறுத்தற எடம் சும்மாத்தான கெடக்குது? நீரோட்டம் பாக்கற ஆளு ஒருத்தனக் கூட்டியாந்து நடக்க உடு."

"போர் போடறீங்களா?"

"போர் ஆரு போடறா? நடக்க உடு, போதும்."

இது வேறு எந்த ஊரிலும் எடுபடாத யோசனை. கம்பெனி கைமாறுகிறதா என்று அறிய மற்ற ஊர்க்காரர்கள் பேப்பர் படிப்பார்கள், வக்கீலைக் கேட்பார்கள். திருச்செங்கோட்டில் பூமியைப் பார்ப்பார்கள். காலி பண்ணுகிறவன் தண்ணீர் தேட மாட்டான், வாடகைக்கு இருக்கிறவன் பாறையில் பணத்தைப் போட மாட்டான். இடம் வாங்குகிறவன் பத்திரம் எழுதுவதற்கு முன்னால் நீரோட்டம் பார்ப்பான். நாடு முழுக்கத் துளை போட்டுவிட்டு வந்த ஊருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

திரும்பி வருகிற பஸ்ஸில் குணசீலன் கணக்குப் பார்த்தான். நீரோட்டம் பார்ப்பது பொய்யா? தண்ணீர் இருக்கிறதா என்று பார்ப்பதில் என்ன பொய் இருக்கிறது? கடையில் உண்மையாகவே தண்ணீர்க் கஷ்டம்தான். பார்க்கிறவர்கள் வேறாக நினைத்துக்கொண்டால் அதற்கு அவன் பொறுப்பாக முடியுமா? அலமாரியில் முகம் கட்டினால் அது கடை நிறைந்திருக்கிறது என்று எழுதி வைத்ததாகுமா? பஸ் திருச்செங்கோட்டுக்குள் நுழைகிற வரைக்கும் இது நல்ல நியாயமாகத்தான் இருந்தது.

நீரோட்டம் பார்க்கச் செங்கோடன் வந்தார். வெள்ளை வேட்டி, உரித்த தேங்காய் ஒன்று. தேங்காயை உள்ளங்கையில் படுக்கவைத்து, வண்டிகளுக்கு நடுவே மெதுவாக நடந்தார். முதலில் மஞ்சுளாவும் மற்றப் பெண்களும் பின்வாசலில் வந்து நின்றார்கள். பிறகு வாடிக்கையாளர்கள் கூடையும் கையுமாக வந்தார்கள். எதிர்ச்சாரி டீக்கடை அப்படியே காலியாகி மதில் ஓரம் நின்றது. மேனேஜரின் மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தில் போனதும் தேங்காய் விறுக்கென்று எழுந்து உள்ளங்கையில் குத்திட்டு நின்றது. கூட்டத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது.

"தண்ணி இருக்குதுங்க. ஐநூறுக்குக் கீழ போவோணும். மொத மொத பொகையாத்தான் வரும், உட்டுறாதீங்க" என்றார் செங்கோடன். குணசீலன் தட்சிணையைக் கொடுத்தான். அவருக்கு விஷயம் தெரியாது. அவர் பார்த்தது தண்ணீரை மட்டும்தான்.

சாயங்காலத்துக்குள் ரிக் ஏஜெண்டுகள் விசிட்டிங் கார்டோடு வந்துவிட்டார்கள். இரண்டாம் நாள் சர்க்கரை வந்தது. அடுத்து, மாதக்கணக்காக எட்டிப் பார்க்காத எண்ணெய்க் கம்பெனிக்காரர் வந்து, நிறைகுடத்திலும் எங்கள் சரக்கையே போடச் சொல்லுங்கள் என்று குணசீலனிடம் கேட்டுக்கொண்டார். நிறைகுடத்துக்காரர் ஒருவர் கூலிங்கிளாஸோடு வந்து தேங்காய் நின்ற இடத்தைத் தொட்டுப் பார்த்தார் என்றும் பேச்சு. பார்த்தவர்கள் இருந்தார்கள். அவர் வந்த கார் என்ன நிறம் என்பதில்தான் அவர்களுக்குள் சண்டை.

அந்த வாரத்தில் குணசீலனுக்கு வந்த போன்களில் ஒன்று, சேலம் ரோட்டிலிருக்கும் நிறைகுடம் கிளையின் மேனேஜருடையது. இருவருக்கும் பழக்கமில்லை.

"சார், தப்பா நெனச்சுக்காதீங்க. நாங்க உங்கள வாங்கிட்டமாங்களா?"

"எனக்குத் தெரியலீங்களே."

"எங்க ஆபீஸ்ல கேட்டா அப்பிடியொண்ணும் இல்லீங்கறாங்க. அப்பிடீன்னா உண்மையாத்தான் இருக்கும். ஒரே ஊர்ல ரெண்டு மேனேஜர் எதுக்குன்னு என்னைத் தூக்கி ஆத்தூருக்குப் போட்டுருவாங்களாமா. பசங்க இங்க ஸ்கூல் சேந்துட்டாங்க சார்."

அந்த ஆளுக்கு ஆறுதல் சொல்லி முடிப்பதற்குள் குணசீலனுக்குப் போதும் போதுமென்றாகிவிட்டது. அப்படியெல்லாம் நடக்காது என்று அவனைப்போல உறுதியாகச் சொல்லக்கூடியவர் மாவட்டத்திலேயே வேறு யாரும் இல்லை. எப்படித் தெரியும் என்று கேட்டால்தான் சொல்ல முடியாது.

வேலுமணியும் கூப்பிட்டார். குரலில் பாரம் இறங்கியிருந்தது. "தண்ணி பாத்துட்டாங்களாமில்ல! அப்பறம் என்னங்க தம்பி, வர்ற வெள்ளிக்கெழம நல்ல நாளு. வந்துருங்க."

அன்று வீட்டுக்குப் போய்க் குணசீலன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னான். சென்னியம்மாள் முறத்திலிருந்த அரிசியில் கல் பொறுக்கியபடியே கேட்டாள்.

"ஆயிரம் பொய் சொல்லியாச்சும் ஒரு கல்யாணத்தப் பண்ணுன்னு பெரியவிய சும்மாவா சொன்னாங்க? நீ ஒண்ணுகூட முழுசாச் சொல்லல. தேங்காய நடக்க உட்ட, அவ்வளவுதான? வாய மூடிட்டு உக்காரு சாமி. எனக்கும் வயசாகுது."

குணசீலன் வாயை மூடிக்கொண்டான்.

வியாழக்கிழமை யுவஸ்ரீ கடைக்கு வந்தாள். மலைக்கோயிலுக்கு வந்தவள், அப்படியே எட்டிப்பார்த்தாளாம். நெற்றியில் திருநீறு, கையில் ஸ்கூட்டர் சாவி. குணசீலனுக்கு எங்கே நிற்பதென்று தெரியவில்லை. அவள் பயறு வகைகள் பக்கம் போனாள். கடை கண்ணிக்குப் போய்ப் பழகிய எந்தப் பெண்ணும் செய்வதைச் செய்தாள். முன்னால் இருப்பது பழைய சரக்கு, பின்னால் இருப்பதுதான் புதுசு என்று கையை உள்ளே விட்டாள். கை முழங்கை வரைக்கும் போய்ப் பலகையில் முட்டியது.

கையை எடுக்காமல் அவனைப் பார்த்தாள். பிறகு பக்கத்து வரிசையிலும் விட்டுப் பார்த்தாள். சர்க்கரை இருந்த இடம் மட்டும்தான் உள்வரை நிறைந்திருந்தது.

"எல்லாமே ஒரு வரிசதானுங்களா?"

"ஆமாங்க."

"நிறைகுடம் வாங்குதுங்களா?"

மஞ்சுளா பில் போடுவதை நிறுத்தியிருந்தாள். குணசீலன் அவள் பக்கம் திரும்பாமல், மெதுவாக, "இல்லீங்க" என்றான்.

"தேங்கா?"

"நான்தானுங்க கூட்டியாந்தது."

யுவஸ்ரீ முன்னாலிருந்த பச்சைப்பயறுப் பாக்கெட் ஒன்றை எடுத்துக்கொண்டாள். அந்த இடத்தில் ஓட்டை விழுந்து பின்பலகை தெரிந்தது. குணசீலனின் கை பழக்கதோஷத்தில் பக்கத்துப் பாக்கெட்டை நகர்த்தி அதை அடைக்கப்போனது. அவள் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு பாதியில் நின்றது. வெட்கத்தில் அவனுக்குக் காது சுட்டது.

"எங்கப்பாகிட்ட நான் சொல்ல மாட்டேன். அது என்ற வேல இல்ல" என்றாள். பயறுக்கு பில் போட்டுக்கொண்டு போய்விட்டாள். கோபமா, வருத்தமா, ஒன்றும் பிடிபடவில்லை. டிரைவர்களிடமும் அவள் அப்படித்தான் பேசுவாள் என்று பின்னால் தெரிந்துகொண்டான்.

வெள்ளிக்கிழமை காலை சங்ககிரியில் வேலுமணியின் வீட்டுக் கூடத்தில் ஜமுக்காளம் விரித்திருந்தார்கள். குணசீலன் பக்கத்திலிருந்து சென்னியம்மாள், அவள் தம்பி, நெருங்கிய சொந்தக்காரர்கள். வேலுமணி பக்கத்தில் லாரித் தொழிலில் பாதிப்பேர் வந்திருந்தார்கள். மல்லிகை வாசமும் சாம்பார் வாசமும் கலந்து வீசின. தட்டுகளில் உப்பும் சர்க்கரையும் குவிந்திருந்தன. தாய்மாமன் தட்டைத் தூக்குவதற்குக் கையை நீட்டினார்.

"மாமா, ஒரு நிமிஷம்" என்றான் குணசீலன்.

சென்னியம்மாள் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவன் எழுந்து நின்றுவிட்டான்.

"எங்க கடைய ஆரும் வாங்கலீங்க. வாங்கற பேச்சே இல்லீங்க. சரக்கு வரோணும்னுதான் கத கட்டி உட்டது. நீரோட்டம் பாக்கறவர நாந்தான் கூட்டியாந்து நடக்க உட்டேன். இத மொதல்லயே சொல்லியிருக்கோணும். சொன்னா பொண்ணு குடுக்க மாட்டீங்கன்னு பயந்துட்டு சொல்லலீங்க."

வேலுமணி மீசையைத் தடவிக்கொண்டு அவனைப் பார்த்தார்.

"தண்ணி இருக்குதுன்னாரா?"

"இருக்குதுன்னாருங்க."

"எத்தன அடில?"

"ஐநூறுக்குக் கீழயாமுங்க."

"அங்க பூரா பாறையாச்சே, ஏது தண்ணி?" என்றார் மூலையிலிருந்த பெரியவர் ஒருவர். "ஏன், மலைக்குத் தெக்கால ஒரு ஓட்டம் போகுதே" என்றார் இன்னொருவர். அந்த ஓட்டம் போன வருஷமே வற்றிவிட்டது என்று மூன்றாமவர் சேர்ந்துகொண்டார். கொஞ்ச நேரத்துக்குக் கல்யாணம் என்ற ஒன்று அங்கே நடப்பதாகவே தெரியவில்லை. பாறையில் தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்பதில் ஒரு முடிவுக்கு வராமல் அவர்களாகவே ஓய்ந்தார்கள்.

"அப்பக் கடை?" என்றார் வேலுமணி.

"தீபாவளி தாண்டாதுங்க."

"அப்பறம் தம்பி என்ன பண்ணுவீங்க?"

வழியெல்லாம் இந்தக் கேள்விக்குப் பதில் தயார் செய்துகொண்டுதான் வந்தான். ஈரோட்டில் ஒரு கம்பெனி கூப்பிட்டிருக்கிறது, நண்பனோடு தொழில் தொடங்குகிறேன் என்று நல்ல நல்ல பதிலாக இருந்தன. எல்லாமே ஒரு வரிசைதான், பின்னால் ஒன்றுமில்லை.

"தெரியலீங்க" என்றான்.

வேலுமணி தரையைப் பார்த்தார். தாய்மாமன் நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். இந்த மாதிரி நேரங்களில் மாப்பிள்ளை வீட்டார் எழுந்துகொள்வதுதான் மரியாதை. பேச்சு முடியாத வீட்டில் கை நனைக்கக்கூடாது, ஒரு வாய் சோறுகூடச் சாப்பிடாமல் கிளம்ப வேண்டும். சென்னியம்மாள் எழுந்தாள். மகனைப் பார்க்காமல் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். ஆட்கள் வாசலுக்குப் போய்ச் செருப்புகளைத் தேட ஆரம்பித்தார்கள். குணசீலனும் ஒரு காலைச் செருப்பில் நுழைத்துவிட்டான்.

உள் நடையிலிருந்து யுவஸ்ரீயின் குரல் வந்தது.

"அப்பா, சோறு ஆறுது."

அவ்வளவுதான் சொன்னாள். அந்த வீட்டில் அன்றைக்கு யார் சாப்பிடலாம், எதற்கப்புறம் சாப்பிடலாம் என்பது கூடத்திலிருந்த சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். வேலுமணி திரும்பி மகளைப் பார்த்தார். அவள் கண்ணைத் தாழ்த்தவில்லை.

"இத்தன வருஷமா லாரி ஓட்டறேன். டயரு வழுக்கைன்னு லோடு ஏத்தறதுக்கு முன்னால சொன்ன டிரைவரு ஒருத்தனக் கண்டதில்ல" என்றார் வேலுமணி, குறிப்பாக யாரையும் பார்க்காமல். பிறகு குரலை உயர்த்தினார். "தட்ட எடுங்க, நேரமாகுது. மாப்பிள்ள, செருப்பக் கழட்டிப் போட்டு உள்ள வாங்க."

உப்பும் சர்க்கரையும் கை மாறின. சென்னியம்மாள் அழுதுகொண்டே சம்பந்திக்குச் சர்க்கரையை ஊட்டினாள், பாதி கீழே சிந்தியது.

பந்தியில் முதல் இலையில் குணசீலனை உட்காரவைத்தார்கள். சோறு விழுந்தது, பருப்பும் நெய்யும் விழுந்தன. கடைக்குத் தீபாவளி வரைதான் ஆயுள், அதற்குப் பிறகு என்ன செய்யப்போகிறான் என்பது இப்போதும் அவனுக்குத் தெரியாது. முதல் கவளத்தை வாயில் வைத்ததும் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்து இலையில் சொட்டியது. துடைத்துக்கொள்ள முடியாமல் வலது கையில் சோறு இருந்தது.

குழம்பு வாளியோடு வந்த யுவஸ்ரீயின் அம்மா பதறிப்போய்க் குனிந்தாள்.

"ஏனுங்க மாப்பிள்ள, காரமுங்களா?"

"ஆமாங்க" என்றான். இன்னும் அவன் இலையில் குழம்பு ஊற்றியிருக்கவில்லை.